இருபத்தைந்தாவது பாட்டு

(நூலக அரங்கில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது ஓர் அல்பேனியப் பாடகியைப் பற்றி. பிறந்த மண்ணை விட்டு, வேற்று நாட்டில் வளர்ந்து, வேற்று மொழியில் பாடி, பேர் வாங்கிய ஒருவரைப் பற்றி. பேர் வாங்கியவர் என்று சொன்னேன். அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், பேர் வாங்குவதற்கு முன்னால் அவர் தன் பேரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஓர் இரவிலிருந்து தொடங்குகிறேன். 2018-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி. போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன். யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. ஐரோப்பாவில் அந்த இரவில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிக்கு முன்னால் கூடிவிடுவார்கள். நாட்டுக்கு ஒரு பாட்டு. ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுவும் மதிப்பெண் போடும். பொதுமக்களும் தொலைபேசியில் வாக்களிப்பார்கள். தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே வாக்களிக்க முடியாது. அடுத்த வீட்டுக்காரர்களின் மனத்தைத் தொட்டால்தான் வெற்றி.

அன்று இறுதிக்கு வந்தவை 26 நாடுகள். பன்னிரண்டாவதாக மேடையேறியது அல்பேனியா. எயுகென்ட் புஷ்பெபா என்ற பாடகர், தன் தாய்மொழியிலேயே பாடினார். பாட்டின் பெயர் 'மால்'. அல்பேனிய மொழியில் அதற்கு ஏக்கம் என்று பொருள். தூரத்தில் இருப்பவர்களை நினைத்து வரும் ஏக்கம்.

இருபத்தைந்தாவதாக வந்தது சைப்ரஸ். எலெனி ஃபுரேய்ரா என்ற பாடகி, 'ஃபுயேகோ' என்ற பாட்டோடு வந்தார். நெருப்பு என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. இருபத்தாறாவதாக, இரவின் கடைசிப் பாட்டாக வந்தது இத்தாலி. எர்மால் மேத்தா என்பவரும் ஃபாப்ரிசியோ மோரோ என்பவரும் சேர்ந்து இத்தாலிய மொழியில் பாடினார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. சைப்ரஸுக்காகப் பாடிய எலெனி எங்கே பிறந்தவர்? சைப்ரஸில் இல்லை. இத்தாலிக்காகப் பாடிய எர்மால் எங்கே பிறந்தவர்? இத்தாலியில் இல்லை. இருவரும் பிறந்தது அல்பேனியாவில். அல்பேனியாவில் எந்த ஊர்? இருவருக்கும் ஒரே ஊர். ஃபியெர்.

அடுத்தடுத்து வந்த இரண்டு பாட்டு. இரண்டு கொடி. இரண்டு மொழி. பாடியவர்களில் இருவர் ஒரே ஊர்க்காரர்கள். அந்த ஊர் இருக்கும் நாட்டின் பாட்டோ பதின்மூன்று பாட்டுக்கு முன்பே, ஏக்கம் என்ற பெயரில், முடிந்துபோயிருந்தது.

முடிவு என்ன ஆயிற்று? முதலிடம் இஸ்ரேலின் நெட்டாவுக்கு, 529 மதிப்பெண்கள். இரண்டாமிடம் எலெனிக்கு, 436. சைப்ரஸ் 1981-இலிருந்து இந்தப் போட்டியில் பாடிவரும் நாடு. அதுவரை ஐந்தாமிடத்தைத் தாண்டியதே இல்லை. அந்தத் தீவை முதல்முறையாக உச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் ஃபியெர் ஊர்ப் பெண். எர்மாலும் மோரோவும் ஐந்தாமிடம். நடுவர்கள் அவர்களுக்கு அதிகம் கொடுக்கவில்லை; மக்களின் வாக்குதான் அள்ளிக்கொண்டு போய் மேலே வைத்தது. புஷ்பெபாவுக்குப் பதினோராமிடம்.

அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். தெற்கு அல்பேனியாவில், கடலுக்குச் சற்று உள்ளே, சமவெளியில் இருக்கும் ஊர் அது. அருகே பாடோஸ் - மரின்சா எண்ணெய் வயல். ஊருக்குப் பக்கத்தில் அப்போலோனியா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்கர்கள் கப்பலேறி வந்து குடியேறிய நகரம். ரோமப் பேரரசர் அகஸ்டஸ், வாலிபனாக ஒக்டேவியன் என்ற பெயரோடு படித்துக்கொண்டிருந்தது இங்கேதான். ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட செய்தி அவருக்கு வந்து சேர்ந்ததும் இங்கேதான். அன்று கிரேக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இடம் கொடுத்த மண் அது. அந்த மண்ணில் பிறந்த ஒரு சிறுமி பிற்காலத்தில் கிரீஸுக்குப் பிழைக்கப் போனாள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் எலெனி அல்ல. என்தெலா. என்தெலா ஃபுரேராய். பிறந்தது 1987 மார்ச் 7.

அவள் பிறந்த ஆண்டில் அல்பேனியா எப்படி இருந்தது? என்வெர் ஹோஜா என்ற சர்வாதிகாரி 1944 முதல் 1985-இல் சாகும்வரை ஆண்ட நாடு. அவர் செத்த பிறகும் அவர் போட்ட பூட்டு திறக்கவில்லை. வெளிநாடு போக முடியாது. எல்லையைத் தாண்டினால் சுடுவார்கள். பாட்டுக்கும் அதே பூட்டுதான்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆகவேண்டும். 1962-இலிருந்து அங்கே ஆண்டுதோறும் அரசு வானொலி ஒரு பாட்டுத் திருவிழா நடத்திவந்தது. 1972 டிசம்பரில் நடந்தது பதினோராவது விழா. அந்த முறை மேடை கொஞ்சம் துணிந்தது. இசையில் மேற்கத்திய வாடை, உடையில் புதுமை, பாடுவோர் முகத்தில் இளமையின் துள்ளல். வேறொன்றும் இல்லை. இதைப் பார்த்து ஹோஜா கொதித்தார். சீரழிந்த கலை என்றார். வானொலி தொலைக்காட்சியின் தலைவர் தோதி லுபோன்யாவுக்குச் சிறை. விழாவை இயக்கிய மிஹால்லாக் லுவராசிக்குச் சிறை. ஷெரிஃப் மெர்தானி என்ற இளம் பாடகருக்கும் சிறை. பாடியதற்குச் சிறை! கொலை இல்லை, களவு இல்லை; பாட்டு. ஒரு தலைமுறைப் பாடகர்களின் தொண்டையில் அச்சம் உட்கார்ந்தது அப்படித்தான்.

ஆனால் பாட்டைப் பூட்ட முடியுமா? கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி. இத்தாலியத் தொலைக்காட்சி அலை கடலைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அல்பேனியர்கள் திருட்டுத்தனமாக அதைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் போகாமலே இத்தாலிய மொழி படித்தார்கள். சான்ரெமோ பாட்டு விழாவை ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்டார்கள். சுவருக்கு அப்பால் வெளிச்சம் தெரியும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பூட்டு உடைந்த அன்று எங்கே ஓடுவார்கள்? வெளிச்சம் வந்த திசையில்தான்.

1991 ஆகஸ்டு 8. கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிவந்த 'வ்லோரா' என்ற சரக்குக் கப்பல், துர்ரஸ் துறைமுகத்தில் ஆட்களால் நிரம்பி, இத்தாலியின் பாரி துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஏறியிருந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். கயிற்றில் தொங்கினார்கள், பாய்மரத் தூணில் தொங்கினார்கள். அந்தப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோரை ஒரு விளையாட்டரங்கில் அடைத்துவைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு வந்தது 1997. இதைத் தமிழர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. பணத்தைப் போடுங்கள், வட்டியை அள்ளுங்கள் என்று ஆசைகாட்டும் நிதி நிறுவனங்களை நாம் நன்றாக அறிவோம். அல்பேனியாவில் ஒரு நாடே அதில் விழுந்தது. மூன்று மாதத்தில் மூன்று மடங்கு என்றார்கள். வீட்டை விற்றுப் போட்டார்கள், ஆடு மாட்டை விற்றுப் போட்டார்கள். மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பணம் போட்டிருந்தார்கள். 1997 தொடக்கத்தில் சீட்டுக்கட்டு மாளிகை சரிந்தது. தெற்கு முழுதும் அரசின் கையை விட்டுப் போனது. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. ஏறத்தாழ 2,000 பேர் செத்தார்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகு எல்லை தாண்டிய குடும்பங்களில் ஒன்று என்தெலாவின் குடும்பம். போய்ச் சேர்ந்த இடம் கிரீஸ். ஏதென்ஸின் கல்லிதேயா பகுதி.

இப்படிப் பிழைப்புக்காக ஊர்விட்டுப் போவதற்கு அல்பேனிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. குர்பெத். போனவரைப் பற்றியும், வாசலில் காத்திருப்பவரைப் பற்றியும் அங்கே பாட்டுகள் ஏராளம். தெற்கே பல குரல்கள் சேர்ந்து பாடும் ஒரு மரபு உண்டு. ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர்கள் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்து நிற்பார்கள். அந்த நிலைக்குரலுக்கு இஸோ என்று பெயர். நாகசுரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவதைக் கேட்டவர்களுக்கு அது உடனே பிடிபடும். எங்கே போனாலும் ஒரு சுருதி பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். குர்பெத் என்பதும் அப்படித்தான்.

சரி, கிரீஸில் என்ன காத்திருந்தது?

2001-இல் கிரீஸ் மக்கள்தொகையைக் கணக்கெடுத்தபோது, அங்கே வாழ்ந்த அல்பேனியக் குடிமக்கள் மட்டும் 4,38,000 பேர். வெளிநாட்டவரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். வீடு கட்டியவர்கள் அவர்கள். ஒலிவக் காய் பறித்தவர்கள் அவர்கள். வயதானவர்களைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்தவர்கள் அவர்கள். அப்படியானால் அவர்களுக்கு மதிப்பு இருந்திருக்க வேண்டுமே? இருந்ததா? அல்பேனியன் என்ற சொல்லே பல வாய்களில் வசைச்சொல்லாக இருந்தது. செய்தியில் திருட்டு என்றால் முதலில் சந்தேகம் அவர்கள் மேல்.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கிரீஸில் தேசிய நாள் ஊர்வலத்தில் பள்ளியின் முதல் மாணவர்தான் கொடி ஏந்த வேண்டும் என்பது வழக்கம். 2000-ஆம் ஆண்டு, தெசலோனிகிக்கு அருகே நேயா மிஹானியோனா என்ற ஊரில், முதல் மதிப்பெண் வாங்கியவன் ஓர் அல்பேனியச் சிறுவன். ஊர் கொதித்தது. எங்கள் கொடியை இவன் ஏந்துவதா என்றார்கள். நாட்டின் குடியரசுத் தலைவரே பையன் பக்கம் பேசினார். அப்படியும் அவன் தானாக ஒதுங்கிக்கொண்டான். 2003-இல் மறுபடி அவனே முதல் மாணவன். மறுபடி எதிர்ப்பு. மறுபடி ஒதுங்கினான். படித்தால் மதிப்பு வரும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்வோமே, அந்தப் பிள்ளை படித்துக் காட்டினான். இரண்டு முறை காட்டினான்.

2000-ஆம் ஆண்டில் என்தெலாவுக்கு வயது 13. அதே நாட்டில், பாட்டுப் பாட வேண்டும் என்ற ஆசையோடு வளர்ந்துகொண்டிருந்த ஒரு பெண், இந்தச் செய்தியிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பாள்?

அந்த நாட்களில் கிரீஸுக்குப் போன அல்பேனியர்கள் பலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். வேலை கொடுப்பவர் வாய்க்கு வசதியாக, பள்ளியில் பிள்ளைகள் கேலிக்கு ஆளாகாமல் இருக்க, ஒரு கிரேக்கப் பெயர். வீட்டுக்குள் ஒன்று, வீதியில் ஒன்று. என்தெலா என்பது எலெனி ஆனது. ஃபுரேராய் என்பது ஃபுரேய்ரா ஆனது. 2007-இல் 'மிஸ்டீக்' என்ற பெண்கள் குழுவில் சேர்ந்தார். 2009-இல் தனியாக வந்தார். 2010-இல் பிரபலங்களோடு இணைந்து பாடும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில், பனாயோடிஸ் பெட்ராகிஸ் என்ற நடிகரோடு சேர்ந்து வென்றார். அதே ஆண்டு யூரோவிஷனுக்காகக் கிரீஸ் நடத்திய தேர்வுப் போட்டியில் பாடினார், தேர்வாகவில்லை. அதே ஆண்டில் முதல் தொகுப்பும் வந்தது. தொகுப்பின் பெயர், எலெனி ஃபுரேய்ரா.

இங்கேதான் என் நெஞ்சை உறுத்தும் விஷயம் வருகிறது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் கிரேக்க ரசிகர்கள் அவரை எந்த வழியில் வந்தவர் என்று அறிந்திருந்தார்கள் தெரியுமா? மெக்சிகோ. மெக்சிகோ பூர்வீகம் கொண்ட பெண் என்று.

சிந்தித்துப் பாருங்கள். அல்பேனியா கிரீஸின் பக்கத்து நாடு. நடந்தே எல்லையைக் கடந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மெக்சிகோவோ அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரத்து நாட்டுக்காரி என்று சொன்னால் ரசிகர்களுக்கு இனிக்கிறது. அடுத்த வீட்டுக்காரி என்று சொன்னால் கசக்கிறது. ஏன்? தூரத்து நாட்டுக்காரர் நம் வீட்டில் பாத்திரம் கழுவவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் நடனமும் வண்ணமும்தான். பக்கத்து நாட்டுக்காரரோ நம் வீட்டுக் கூரையைப் போட்டவர், நம் தோட்டத்தில் குனிந்து நின்றவர், கூலிக்கு நம்மிடம் கைநீட்டியவர். நமக்காக உழைத்தவர் மேடையேறி நம்மைவிட உயரத்தில் நிற்பதைச் சகிக்க ஒரு சமூகத்துக்குப் பெரிய மனம் வேண்டும்.

இதற்காக எலெனியைக் குறைசொல்பவர்கள் உண்டு. பொய் சொன்னார் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இருபது வயதுப் பெண்ணின் முன்னால் ஒரு கதவு. உள்ளே போக வேண்டுமானால் வாசலில் ஊர்ப்பெயரை விட்டுவிட்டுப் போ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் யார்? அவர் இல்லையே! கேள்வியை அவரிடம் கேட்பது நியாயமா, கதவுக்குச் சொந்தக்காரர்களிடம் கேட்பது நியாயமா?

பிற்பாடு, கிரீஸில் பெரிய பாடகியாக நிலைபெற்ற பிறகு, அவரே வெளிப்படையாகச் சொன்னார், அல்பேனியாவில் பிறந்தவள் என்று. லிஸ்பன் மேடைக்கு அவர் போனபோது அது ஊரறிந்த செய்தி.

பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசவேண்டும். ஏனென்றால் இது எலெனி ஒருவரின் கதை அல்ல.

நம் பிள்ளைகள் கைபேசியில் கேட்கும் பாட்டுகள் பலவற்றுக்குப் பின்னால் ஓர் அல்பேனியப் பெயர் ஒளிந்திருக்கிறது. அல்பேனிய எழுத்துமுறையில் எக்ஸ், எச் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் 'ஜ' என்று வாசிக்கவேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ஒரு பாடகியை உலகம் பீபி ரெக்ஸா என்று அழைக்கிறது. அவருடைய குடும்பப் பெயர் ரெஜா. வீட்டில் வைத்த பெயர் பிளெத்தா. அல்பேனிய மொழியில் பிளெத் என்றால் தேனீ. தேனீ அமெரிக்காவுக்கு வந்து பீபி ஆனது. இத்தாலியில் அன்னா ஓக்ஸா என்ற பாடகி, 1989-லும் 1999-லும் சான்ரெமோ விழாவில் வென்றவர். அவருடைய தந்தை அல்பேனியர். குடும்பப் பெயர் ஹோஜா. சர்வாதிகாரியின் பெயரும் அதுதான்; அங்கே அது பரவலான பெயர். ஏவா மேக்ஸ் என்று ஒருவர். அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்தவர். 2018-இல் வந்த 'ஸ்வீட் பட் சைக்கோ' என்ற பாட்டு பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அவருடைய பெற்றோர் 1991-இல் அல்பேனியாவை விட்டு ஓடி, பாரிஸில் ஒரு தேவாலயத்தில் தங்கி, பிறகு அமெரிக்கா போனவர்கள். தாய் செவ்விசைப் பாடகி, தந்தை பியானோ வாசிப்பவர். குடும்பப் பெயர் கோச்சி.

எனக்கு மிகப் பிடித்தது பாடகி ரீட்டா ஓராவின் பெயர்க் கதை. அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழும் கொசோவோவின் தலைநகர் பிரிஸ்டினாவில் 1990-இல் பிறந்தவர். அவருக்கு ஒரு வயதானபோது குடும்பம் லண்டனுக்கு வந்தது. குடும்பப் பெயர் சஹாட்சியு. துருக்கி மொழி வழியாக வந்த அந்தப் பெயருக்குக் கடிகாரம் செய்பவர் என்று பொருள். லண்டனில் யார் வாயிலும் அது நுழையவில்லை. குடும்பம் யோசித்தது. ஓரா என்று ஒரு சிறிய சொல்லைச் சேர்த்துக்கொண்டது. அல்பேனிய மொழியில் ஓரா என்றால் நேரம், கடிகாரம். பார்த்தீர்களா? வெள்ளைக்காரருக்குச் சொல்ல எளிதாகவும் ஆயிற்று. கடிகாரக்காரர் வீட்டுக் கடிகாரம் நின்றுவிடவும் இல்லை. 2012-இல் வந்த முதல் தொகுப்புக்கும் அதுவே பெயர். ஓரா. பிரிட்டனில் முதலிடம்.

அடுத்து துவா லிபா. மும்பையில் 2019-லும் 2024-லும் வந்து பாடியவர். உங்களில் பலருக்கு அறிமுகமானவர். பெற்றோர் 1992-இல் பிரிஸ்டினாவை விட்டு லண்டன் வந்தார்கள். கொசோவோவின் தன்னாட்சி 1989-இல் பறிக்கப்பட்ட பிறகு, அங்கே அல்பேனியர்களுக்கு வேலை போயிற்று, பள்ளி போயிற்று, பல்கலைக்கழகம் போயிற்று. வீடுகளின் கூடத்தில் பாடம் நடத்தினார்கள். துவாவின் தாத்தா சேயித் லிபா வரலாற்றறிஞர். தந்தை துகாஜின் லிபா ராக் இசைக்குழுவில் பாடியவர். துவா என்றால் அல்பேனிய மொழியில் அன்பு. ஆனால் லண்டன் பள்ளியில் படித்த சிறுமிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஹன்னா, சாரா என்று எல்லோரையும்போல ஒரு பெயர் இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கியதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

2008-இல் கொசோவோ விடுதலையை அறிவித்தது. குடும்பம் பிரிஸ்டினாவுக்குத் திரும்பியது. சிறுமிக்கு அப்போது பெயர் பாரமாக இல்லை. அங்கே எல்லோர் வாயிலும் அது நுழைந்தது. பதினைந்து வயதில், பாட்டுக்காக, பெற்றோரை விட்டுத் தனியே லண்டன் திரும்பினார். 2017-இல் முதல் தொகுப்பு. பெயர், துவா லிபா. 2018 ஆகஸ்டில், தந்தையோடு சேர்ந்து பிரிஸ்டினாவில் ஓர் இசைவிழாவைத் தொடங்கினார். சன்னி ஹில் என்று பெயர். சூரியக் குன்று என்று சொல்லலாம். பிரிஸ்டினாவில் உள்ள ஒரு குடியிருப்பின் பெயர் அது.

எலெனி, ரீட்டா, துவா. மூன்று பெண்கள். மூன்று முதல் தொகுப்பு. மூன்றுக்கும் தலைப்பு அவரவர் பெயரே. ஒன்று, பெற்றோர் வைத்த பெயர். ஒன்று, குடும்பமே யோசித்துச் சேர்த்த பெயர். ஒன்று, வாசலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்ட பெயர். அந்த நாட்களில் லண்டனுக்கு அல்பேனியரை அதிகம் தெரியாது. அதனால் அங்கே பெயரின் சிக்கல் உச்சரிப்போடு நின்றுவிட்டது. ஏதென்ஸுக்கு அல்பேனியரை மிக நன்றாகத் தெரியும். அதுதான் சிக்கல்.

சொந்த ஊரிலேயே இருந்து பாடினால் என்ன, ஏன் வெளியே போகவேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். 2023 கணக்கெடுப்பின்படி அல்பேனியாவின் மக்கள்தொகை 24 லட்சம். நம் கோயம்புத்தூர் மாவட்டத்தைவிடக் குறைவு. அந்தச் சந்தையில் ஒரு பாடகி எத்தனை பாட்டு விற்று வாழமுடியும்? கொசோவோக்காரர்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 2024 ஜனவரி 1 வரை அவர்கள் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு விசா இல்லாமல் போகமுடியவில்லை. பக்கத்து நாட்டில் ஒரு மேடை கிடைத்தாலும் தூதரக வாசலில் நிற்கவேண்டியிருந்தது. பாட்டு ஒரு நொடியில் உலகைச் சுற்றிவரும். பாடகர் வரிசையில் நின்றார்.

எர்மால் மேத்தாவை விட்டுவிட்டேனே! 1981-இல் ஃபியெரில் பிறந்தவர். தாய் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். தந்தையின் அடி உதையிலிருந்து தப்பி, பிள்ளைகளோடு அந்தத் தாய் பாரி நகரத்துக்கு வந்தபோது எர்மாலுக்கு வயது 13. ஆம், அதே பாரி, வ்லோரா கப்பல் வந்து நின்ற பாரி. அவர் பெயரை மாற்றவில்லை. எர்மால் என்ற பெயரோடு பல ஆண்டு குழுக்களில் வாசித்தார், மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். 2017 சான்ரெமோவில் தன் வீட்டில் நடந்த அந்தக் கொடுமையையே பாட்டாக்கிப் பாடி மூன்றாமிடம் பெற்றார். அடுத்த ஆண்டு மோரோவோடு சேர்ந்து முதலிடம். அவருடைய தலைமுறையின் பெற்றோர் ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்ட அதே சான்ரெமோ.

மறுபடி லிஸ்பனுக்கு வருவோம். 'ஃபுயேகோ' பெரிய இசைப்படைப்பா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஸ்வீடனில் தொழில்செய்யும் அலெக்ஸ் பாபாகோன்ஸ்டாண்டினூவும் கூட்டாளிகளும் சேர்ந்து, போட்டிக்கு அளந்து தைத்த மூன்று நிமிடச் சட்டை அது. ஸ்பானியத் தலைப்பு, ஆங்கில வரிகள், ஸ்வீடனில் தையல், சைப்ரஸின் கொடி, போர்ச்சுகலின் மேடை, கிரீஸின் பாடகி, ஃபியெரின் ரத்தம்.

ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவரைப் பாருங்கள். அந்தப் போட்டியில் அப்போது ஒரு கண்டிப்பான விதி இருந்தது. வாத்திய இசையைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம்; குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிடக்கூடாது. பின்குரல்கூட அங்கேயே பாடவேண்டும். அப்படியானால் என்ன? உடல் முழுதும் ஆடவேண்டும், தலைமுடி சுழலத் தலையைச் சுழற்றவேண்டும், அடுத்த நொடி மூச்சு சிதறாமல் சுரத்தில் வந்து நிற்கவேண்டும். ஆடிக்கொண்டே பாடிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். மூச்சு எங்கே வாங்குகிறார் என்று நான் தேடிப் பார்த்தேன். பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஒத்திகையைப் பார்த்த பந்தயக்காரர்கள் இறுதி நாளுக்கு முன்பே சைப்ரஸைப் பட்டியலின் தலையில் வைத்திருந்தார்கள். அந்த மூச்சு மூன்று நிமிடத்தில் வந்ததல்ல. மிஸ்டீக்கிலிருந்து கணக்கிட்டால் பதினொரு ஆண்டு.

அவரை நான் இன்று முழுதும் எலெனி என்றுதான் அழைத்தேன், கவனித்திருப்பீர்கள். என்தெலா என்பதுதான் உண்மைப் பெயர், எலெனி பொய்ப் பெயர் என்று நான் நினைக்கவில்லை. நெருக்கடியில் எடுத்துக்கொண்ட பெயர்தான். ஆனால் அந்தப் பெயரை வியர்வை ஊற்றி வளர்த்தவர் அவர். இரண்டும் அவருடையவை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி.

நேரம் ஆகிவிட்டது. இவ்வளவு நேரம் பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, பாட்டைக் கேட்காமல் உங்களை அனுப்புவது முறையல்ல. மூன்று பாட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். அன்றிரவு வந்த அதே வரிசையில் கேட்போம். முதலில் ஏக்கம். பிறகு நெருப்பு. கடைசியில் எர்மாலும் மோரோவும். இரண்டாவது பாட்டில், மூச்சு வாங்கும் இடம் உங்களில் யாருக்காவது பிடிபட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

தம்பி, விளக்கை அணைத்துவிடுங்கள். பன்னிரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.